தலைவரின் கரவன்

இத்தாலி, பலெர்மோ வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு மிக முக்கிய அறிவித்தல்: வடபகுதி மக்கள் ஒன்றியத்தின் தலைவர் திரு. சோதிலிங்கம் அவர்கள், ஒன்றியத்தின் பெயரில், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடாகிய கரவன் ஒன்றை வாங்கியுள்ளார்கள்.

வட்சப்பில் இந்த அறிவித்தல் வெளியான அதே வாரம் மழை வந்தது, கரவனின் கூரை ஒழுகியது. தலைவரின் மனைவி குகனேஸ்வரி, கடலோர வீடுகளில் இத்தாலிய எசமானிகளான சின்யோராக்களின் தரையைத் துடைத்தே முழங்கால் தேய்ந்தவள். ஒரு கோடைக்காவது தன் சொந்தக் கூரையின் கீழ் கடலைப் பார்த்துப் படுக்கலாம் என்றுதான் இதை வாங்கச் சொன்னாள். இப்போது இதற்குள்ளும் தரை துடைத்தாள். மெத்தைக்கடியில் பலகை புட்டுப்போல் உதிர்ந்தது.

விற்றவன் கையை விரித்துவிட்டான். தலைவரும் மனைவியும் நுகர்வோர் உதவி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் பில்லைப் பார்த்தாள். பழுதைத் திருத்து, இல்லையேல் காசைத் திருப்பிக் கொடு என்று விற்றவனைப் பிடிக்கும் சட்டம் தனியாட்களுக்குத்தான், சங்கங்களுக்கு இல்லை என்றாள்.

வெளியே வந்ததும் குகனேஸ்வரி கேட்டாள்: "உங்கடை பேரிலை எடுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான். பில்லிலை தலைவர் எண்டு விழவேணும் எண்டு நிண்டது ஆர்?"

"ஒரு மரியாதைக்குத்தானப்பா."

"அப்ப மழைக்கு அந்த மரியாதையைப் போர்த்துக்கொண்டு படுங்கோ."

சோதிலிங்கம் தொண்டையைச் செருமினார். "பொதுச்சபையைக் கூட்டி ஒரு கண்டனத் தீர்மானம் போடுவம்."

ஒன்றியத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது.