ஃபாசெட் வீட்டுக்குத் தபாலில் வந்த குரல்

1793ஆம் ஆண்டு மூன்றாம் மாதத்தில் டாமரிஸ் ஃபாசெட்டின் குரல் தபாலில் வீட்டுக்கு வந்தது. அந்த வாரம் கம்பளி விலை சற்று இறங்கியிருந்தது. தாய் ஹெஸ்டர் மாவு அப்பிய கட்டைவிரலால் அரக்கு முத்திரையை உடைத்தாள். தாளை முழுதாக விரிக்கும் முன்பே, "அம்மா, பிரிஸ்டலுக்கு வந்து சேந்துட்டேன். கால்ல கொப்புளம், வேற ஒண்ணுமில்ல" என்று மகளின் குரல் கேட்டது. ஆற்றில் தண்ணீர் வற்றினால் கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடப்பதையும், தான் வேலைக்குச் சேர்ந்த வீட்டில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைச் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லி முடித்தது. பிறகு தாளைவிட்டு இறங்கி, அடுப்போரச் சுவரில் தொங்கிய உப்புப் பெட்டியின் மேல் தங்கிவிட்டது. தாளில் மை இல்லை. தந்தை ஆமோஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வீணாகல. ரெண்டு பக்கமும் எழுதலாம்" என்றார்.

ஃபாசெட் குடும்பம் சேர்ந்திருந்த கிறிஸ்தவக் கூட்டத்தாரை ஊரார் குவேக்கர் என்றார்கள். அவர்கள் தங்களை நண்பர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். நீதிபதியானாலும் பெற்றவரானாலும் யாரையும் 'நீ' என்றே அழைப்பார்கள். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. எந்தக் காரியமானாலும் கூடி, பேசாமல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசலாம். யாரும் மறுத்துப் பேசாவிட்டால் எல்லோருக்கும் ஒரே மனம் என்று கொள்ளப்படும். மூத்தவர் பக்கத்திலிருப்பவரின் கையைக் குலுக்குவார், அத்தோடு முடிந்தது. டாமரிஸ் ஊரைவிட்டுப் போகும் முன், பிரிஸ்டல் தேயிலை வியாபாரி பென்ரோஸின் மனைவி லிடியா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நண்பர் வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும் என்று எழுதியபோது, ஆமோஸ் குடும்பத்தை அப்படித்தான் உட்கார வைத்தார். டாமரிஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆமோஸ் அவள் கையைக் குலுக்கினார்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொன்றும் வந்து பேசிவிட்டு, வெற்றுத்தாளை விட்டுவிட்டு, உப்புப் பெட்டிமேல் இருந்த குரலோடு சேர்ந்துகொண்டது. குரல் வளர்ந்தது. வந்த சொற்களைத் தானே மாற்றி அடுக்கிப் பேசப் பழகிக்கொண்டது. கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று எச்சரித்தது. கோழிகளைக் கூப்பிட்டது, கோழிகளும் வந்தன. மூட்டைகளோடு தபாலும் கொண்டுவரும் வண்டிக்காரன் கிட் நண்பர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. "ஏ ஹெஸ்டர், மகள ஊருக்கு அனுப்பிட்டேன்னு சொன்ன. வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது அவ அதட்டல். என் கழுதைகூட அவ சொன்னாத்தான் நிக்குது" என்றான். கூட்டத்தின் மூப்பர்கள் இருவர் விசாரிக்க வந்தார்கள். ஒரு பிற்பகல் முழுதும் தொப்பியோடு உட்கார்ந்து கேட்டார்கள். குரல் எளிமையாகப் பேசுகிறது, பாடுவதில்லை, முகஸ்துதி செய்வதில்லை, மூப்பர்களையும் 'நீ' என்றே சொல்கிறது, ஆகவே ஆட்சேபம் இல்லை என்றார்கள். ஹெஸ்டருக்கு மகள் போனதாகவே தோன்றவில்லை. ரொட்டி சுடும்போது பேச ஆள் இருந்தது. அந்த ஆண்டு இருந்ததுபோல அவள் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

லிடியாவும் எழுதினாள். அவள் மை தாளிலேயே நின்றது. உன் மகள் நாளுக்கு நாள் ஆழமாகிறாள், வீண்பேச்சு அறவே நின்றுவிட்டது, ரொட்டி வேண்டுமென்றால்கூட விரலால் காட்டுகிறாள், எங்கள் கூட்டத்துக்கே அவள் மௌனம் ஒரு வரம் என்று எழுதியிருந்தாள். ஹெஸ்டர் அதைப் பெருமையோடு படித்தாள். அடுத்ததில், குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கைதட்டிக் கூப்பிடுகிறாள் என்று இருந்தது. அந்தக் குழந்தைகளின் பெயர்களைச் சென்ற மாதம்தான் உப்புப் பெட்டிமேலிருந்த குரல் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தது. ஹெஸ்டர் மாவுக் கையோடு நின்றாள். இங்கே வந்த சொல் எதுவும் அங்கே இல்லை.

இனிமேல் எழுதாதே என்று அன்றே எழுதினாள். பதில் குரலாகவே வந்தது: "அம்மா, எழுதாம எப்படி? உன்கிட்டப் பேசாம நான் எப்படி இருக்கறது?" அந்தச் சொற்களும் டாமரிஸிடமிருந்து போய்விட்டன. அடுத்த கடிதத்தில் ஒரே வரிதான். "அம்மா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

புல்லறுப்பு முடிந்ததும் ஆமோஸ் கிளம்பினார். "அவகிட்ட ஒண்ணும் கேக்காத. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா" என்றாள் ஹெஸ்டர்.

"கேக்காம எப்படி? அவ என்ன ஆடா, கழுத்துல கயிறு போட்டு இழுத்துட்டு வர?"

ஆப்பிள் பழுக்கும் காலத்தில் அவர் தனியாகத் திரும்பினார். முகத்தில் நிம்மதி இருந்தது. காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். பென்ரோஸ் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வர மனம் இருந்தால் சொல், இல்லையென்றால் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். அப்படி ஒரு மௌனத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. டாமரிஸ் அழுதாள். மௌனம் ஆழமானால் நண்பர்கள் அழுவது வழக்கம்தான். அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் அதைக் கைகுலுக்கலாக ஏற்று, கூட்டத்தை முடித்தார். கிளம்பும்போது எதையோ அவசரமாக எழுதி அவர் கையில் திணித்தாள். பிரித்துப் பார்த்தார், வெற்றுத்தாள். மகளின் கடிதம் எதுவும் வீடு வந்து சேரும் முன் பேசியதில்லை. அம்மாவுக்குத்தான் என்று நினைத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹெஸ்டர் அதை வாங்கி விரித்தாள்.

"அப்பா, என்னை இங்க விட்டுட்டுப் போகாத. அப்பா, திரும்பிப் பாரு. திரும்பிப் பாரு அப்பா."

ஆமோஸ் திரும்பிப் பார்த்தார். அங்கே உப்புப் பெட்டிதான் இருந்தது. "நாங்க எல்லாரும் ஒரே மனசா இருந்தோம், ஹெஸ்டர்" என்றார்.

"அவ இங்கதான் இருந்தா, ஆமோஸ். அங்க நீ யாரோட உக்காந்திருந்த?"

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. மறுபடி போகிறேன் என்றும் சொல்லவில்லை. ஒருமனப்பட்ட ஒன்றைத் தனியாளாக மாற்றும் வழி அவருக்குத் தெரியாது. ஹெஸ்டர் பெண்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். என் மகளின் குரல் என் அடுப்படியில் அழுகிறது, அவளைக் கொண்டுவர வேண்டும் என்றாள். பெண்கள் உருகிப்போய் மௌனமாக உட்கார்ந்தார்கள். அந்த மௌனம் நல்ல மௌனம்தான். அதற்குள் பனி விழுந்து, பிரிஸ்டலுக்குப் போகும் மலைக் கணவாய் மூடியது. இளவேனிலில் லிடியாவின் கடிதம் வந்தது. டாமரிஸை மூப்பர் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவள் மௌனத்தின் அருகே இருப்பதற்கென்றே வெளியூர் நண்பர்கள் வருகிறார்கள், அவளை அனுப்பக் கூட்டத்துக்கு மனம் ஒப்பவில்லை என்றது கடிதம். அடுத்த கூட்டத்தில் ஹெஸ்டர் மறுபடி எழுந்தாள். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கைகுலுக்கலுக்குக் காத்திராமல் நடுவிலேயே வெளியே போனாள். அந்தக் கூட்டத்தில் அதற்கு முன் யாரும் அப்படிப் போனதில்லை.

கிட்டின் வண்டியிலும், பிறகு அகப்பட்ட வண்டிகளிலும் ஏறிப் பிரிஸ்டல் சேர்ந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டாமரிஸ் ஒரு குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் அவள் கையைப் பிடித்தாள். "இது முறையா, ஹெஸ்டர் ஃபாசெட்?" என்றாள் லிடியா. முறையில்லை என்று ஹெஸ்டரும் ஒப்புக்கொண்டாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். வழி நெடுக மகள் முகத்தில் அன்பு இருந்தது, சொல் இல்லை. தாய்க்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அவள் 'அம்மா' என்றுதான் தொடங்கியிருந்தாள். அவள் வாயிலிருந்து முதலில் போனது அந்தச் சொல்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஹெஸ்டர் மகளை உப்புப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார வைத்துக் காத்திருந்தாள். குரல் இறங்கி வாய்க்குள் போய்விடும் என்று நினைத்தாள். "கோழிக்குத் தீனி போட்டாச்சா?" என்றது குரல். டாமரிஸ் நிமிர்ந்து பார்த்தாள், வேறு யாரோ ஒரு பெண் பேசுவதைக் கேட்பதுபோலத் தலைசாய்த்துக் கேட்டாள், எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டாள். பெட்டியை இறக்கி அவள் மடியில் வைத்தார்கள். காதோரம் வைத்தார்கள். மூப்பர்கள் வந்து ஒரு பிற்பகல் உட்கார்ந்து எழுந்தார்கள். ஆமோஸ் ஒவ்வொரு நாளும் மகளிடம் ஏதாவது கேட்டார். பெட்டிமேலிருந்து பதில் வந்தபோது அந்தப் பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டார்.

மாலையில் மட்டும் குரல் தணிந்து, "அம்மா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லும். ஆண்டுகள் போயும் அது நிற்கவில்லை. அதைக் கேட்டதும் டாமரிஸ் வேலையை விட்டு எழுந்து, தாயின் காலணிகளைத் துடைத்து வாசலருகே வைப்பாள். சால்வையை எடுத்துக் கொடுத்து, சீக்கிரம் போ என்பதுபோல அவள் முதுகில் மெல்லத் தட்டுவாள். "இதோ வந்துட்டேன், கண்ணு" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஹெஸ்டர் வேலிவரை நடப்பாள். பாதையைச் சற்றுப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அவள் திரும்பும் நேரம்தான் அந்தப் பக்கத்து வீடுகளில் கோழிகளை அடைக்கும் நேரம்.