நடுவில் விட முடியாத வேலை

இன்ஜினின் நடுவிலிருந்த நட்டுகளை முடுக்கி முடித்து, ஓரத்து நட்டில் அவள் ரெஞ்சை மாட்டியபோது, தம்பி மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து நின்றான்.

"அக்கா, மேல வா."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விசில் இல்லாமலே ஒரு மைதானத்துப் பிள்ளைகளை அடக்குகிற விளையாட்டு வாத்தியார் அவன். அந்தக் குரல் இப்படி ஒடுங்கி அவள் கேட்டதே இல்லை. என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இது நடுவுல விட முடியாத வேலைடா. முடிச்சிட்டு வரேன். நீ அம்மா பக்கத்துல இரு."

 அவன் சரியென்று தலையாட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனான்.

அவள் ரெஞ்சை இழுத்தாள். போதுமான அளவு இறுகியதும் 'டக்'கென்று சத்தம் கொடுக்கிற ரெஞ்ச் அது. ஒரு நட்டு முடிந்ததும் அதற்கு எதிர்மூலையில் இருப்பது, பிறகு இந்தப் பக்கம், பிறகு மறுபடி அந்தப் பக்கம். எல்லாம் முடிந்ததும் ரெஞ்சைத் துடைத்து, அதன் பெட்டிக்குள் வைத்து, கொக்கியைப் போட்டாள். சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் ஒருமுறை கழுவினாள். அதன் பிறகுதான் படியேறினாள்.

சித்தி அம்மாவின் போர்வையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தான்.

"இப்பத்தான்," என்றான்.

கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. கடைசி மூன்று மாதமும் அம்மாவுக்கு அந்தக் கட்டில்தான் உலகம். இருதயம் ஓய்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். கீழே சுத்தியல் விழுகிற சத்தத்தை வைத்தே மகளுக்கு வேலை ஓடுகிறதா, முரண்டு பிடிக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

மகள் கல்யாணம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்ட நாளிலிருந்து, ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஒவ்வொரு வண்டியையும் அம்மா 'வரன்' என்றுதான் சொல்வாள். முதலில் அது குத்தல் பேச்சாக இருந்தது. சில வருஷத்தில் குத்தல் போய் வேடிக்கை மட்டும் மிஞ்சியது. கடைசியாக வந்த வரன் சிவப்பு நிறத்தில், துணிக்கூரை போட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அம்மாவை அவள் ஜன்னலில் சாய்த்து உட்காரவைத்துக் காட்டினாள்.

"ஆள் லட்சணமாத்தான் இருக்கான். வயசு என்ன?"

"என்னைவிட மூத்தவன்மா."

"உடம்புக்கு என்ன?"

"புகையா விடறான். எண்ணெய் குடிக்கிறான். இன்ஜினைப் பிரிச்சு மேயணும்."

"அதானே, உனக்குன்னு வந்து வாய்க்கிறது எல்லாம் இப்படித்தான்," என்று அம்மா சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கை மூடிவிட்டவர். இளவயதில் அதே இன்ஜினைத் தன் கையாலேயே இருமுறை பிரித்துப் பூட்டியவர். இப்போது விரல்கள் மடங்குவதில்லை என்று அவளிடம் கொண்டுவந்தார். அவசரமில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் செய்தால் போதும் என்று அவரேதான் சொன்னார். அவளும் அப்படித்தான் செய்தாள். அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து ஒரு பிஸ்டனில் வளையங்களை மாட்டுவாள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து ஒரு பேரிங்கைப் பொருத்துவாள். தேய்ந்ததை எல்லாம் மாற்றி, துருவேறியதை எல்லாம் சுரண்டி, இன்ஜின் மேலேறி வர வர, மாடியில் அம்மா கீழிறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை அம்மா கண் திறக்கவில்லை. சித்தி வந்துவிட்டாள், தம்பி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டான். அறையில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. சிலிண்டர்களை மூடுகிற அந்தக் கனத்த இரும்பு ஹெட்டை ஏற்றிவைத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள்.

மதியத்துக்குள் வீட்டில் ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் ஒர்க்‌ஷாப்பிலேயே நாற்காலிகளைப் போட்டார். வந்தவர்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு, கீழே வந்து, இன்ஜினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். அவள் சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வருகிறவர்கள் அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

சித்தியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கெட்டவள் இல்லை, மனதில் பட்டதை மென்று முழுங்கத் தெரியாதவள். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னாள்: பெற்ற பெண் ஒன்றே ஒன்று, கீழேதான் இருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை, தன் அக்காவின் கை கடைசிவரை இவளைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

கை துழாவியது அவளுக்கு அதுவரை தெரியாது.

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விஷயம் தெரியாமல் பேசாதீர்கள் என்றான். அவளுக்காக அவன் விளக்கம் சொன்னான். அது ஒரே மூச்சில் செய்ய வேண்டிய வேலை. பாதியில் விட்டால் இத்தனை மாத உழைப்பும் வீண். வேண்டுமென்றா வராமல் இருந்தாள்? அவன் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அப்போதுதான் பல் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. ஹெட்டு முடுக்கும்போது நடுவுல விட்டுட்டு வர முடியுமா?"

அவள் தலை நிமிர்ந்தாள்.

விடலாம். தாராளமாக விடலாம். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து மிச்சத்தை முடுக்கினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்குத் தெரியும். அந்த இன்ஜினை இருமுறை பூட்டிய அவருக்கும் தெரியும்.

டாக்டர் தம்பியைப் பார்த்தார். போர்வை மூடிய இன்ஜினைப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் பார்வை அங்கேயே கொஞ்சம் தங்கியது.

"முடியாது," என்றார். "விட்டா எல்லாம் போச்சு."

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருக்கும், எனக்கென்ன தெரியும் என்று முனகினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, அவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தாள். அவள் குடித்தாள். டாக்டர் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் அம்மாவைக் கொண்டுபோய், எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும்வரை கூடவே இருந்தார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தியும் போன பிறகு வீடு காலியாயிற்று. தம்பி மட்டும் லீவை நீட்டித்துக்கொண்டு இருந்தான். அம்மாவின் கட்டிலை அவன் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சமைத்ததைச் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள்.  யாராவது போனில் விசாரித்தால், அக்கா அந்த நேரத்தில் வேலையை விட்டு வர முடியாத நிலைமை என்று அவன் சொல்வது அடுக்களைவரை கேட்கும். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

ஒரு காலையில் அவள் கீழே போய், ஷட்டரை ஏற்றி, போர்வையை எடுத்து மடித்துவைத்தாள். நீளக் கைப்பிடி ஸ்பேனரை எடுத்து, முடுக்கிய நட்டுகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினாள். தம்பி இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்தவன், பார்த்துக்கொண்டே நின்றான்.

"அன்னைக்கே முடிச்சிட்டுத்தானே வந்த?"

"முடிஞ்சது."

"அப்புறம் ஏன் கழட்டற?"

அவள் ஒரு நட்டைக் கையால் சுழற்றி எடுத்துத் தட்டில் போட்டாள்.

"நீ கூப்பிட்டதுக்கு அப்புறம் முடுக்கினது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லடா. எது 'டக்'குனு சொல்லிச்சு, எது சொல்லலைன்னு தெரியல. அப்படியே விட்டா என்னைக்காவது காலை வாரிடும்."

தம்பி டம்ளர்களைப் பணிமேசையில் வைத்தான். இன்ஜினையே பார்த்தான். தெருவில் ஒரு குப்பை வண்டி நின்று, சத்தத்தோடு எதையோ ஏற்றிக்கொண்டு, நகர்ந்து போனது.

"நீ அப்ப வந்திருக்கலாமா?"

அவள் அடுத்த நட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"வந்திருக்கலாம்."

 அவன் படியேறிப் போய்விடுவான் என்று அவள் காத்திருந்தாள். போகவில்லை. அவள் மிச்ச நட்டுகளைத் தளர்த்தினாள். ஒன்று இறுக்கமாக வந்தது, அடுத்தது லேசாக வந்தது, இன்னொன்று அதைவிட லேசாக. எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, ஹெட்டின் ஓரத்தில் ரப்பர் சுத்தியலால் தட்டினாள். அது பிடியை விட்டது. ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் எழுந்து, சாய்ந்து, மாட்டிக்கொண்டது. பல நாளாகச் சரியாகத் தூங்காத உடம்பு. மறுபடி முயன்றபோதும் எழவில்லை.

தம்பி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"எங்க பிடிக்கணும்?" என்றான்.

அவள் காட்டினாள். சாய்க்காமல் நேராக மேலே தூக்க வேண்டும் என்றாள். அவன் குனிந்து, கால்களை அகட்டி ஊன்றி, ஒரே பிடியில் தூக்கினான். இனி மாற்றியாக வேண்டிய, நசுங்கிய கேஸ்கட் தகட்டோடு ஹெட் மேலே வந்தது. அதை வைக்க மேசையில் இடமில்லை. அவள் டம்ளர்களை ஓரமாக நகர்த்தினாள். ரெஞ்ச் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒரு துணியைத் தேடி எடுத்து உதறி விரித்தாள். அதன் மடிப்புகளைக் கையால் நீவிவிட்டாள்.

அவள் அதையெல்லாம் செய்து முடிக்கும்வரை, தம்பி அவ்வளவு கனத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.