பசை என்று எழுதியவள்

ஆர்டித் படகை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். அவளுடைய மிதவைக் கயிற்றில் யாரோ இரண்டு சுருக்குப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் மெய்ன் கரையில் சிங்கி இறால் பிடிக்கிற எவருக்கும் அது புரியும்: இது எச்சரிக்கை, அடுத்த தடவை கத்தி. கயிறு அறுந்தால் அதில் கட்டிய இறால் பொறிக்கூடுகள் கடலுக்கடியிலேயே கிடக்கும். பிழைப்பும் கூடவே போகும்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால். சர்ச் விருந்தில் மூத்த மீனவர் எல்வுட் காய்ச்சிய சவுடர் என்ற சிப்பி சூப்பைப் பற்றி, ஊர் முகநூல் பக்கத்தில் "இது சவுடர் இல்லை, பசை" என்று எழுதிவிட்டாள். எல்வுட் சாதாரண ஆளா? அவர் தும்மினால் கனடாவில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

"வார்த்தையை வாபஸ் வாங்கு. 'கெட்டி'ன்னு மாத்து" என்று பதில் போட்டார்.

"கெட்டின்னா கரண்டி சாயும். இதுல நட்டுவச்ச மாதிரி நின்னுச்சு. அவ்வளவு மைதாவைக் கொட்டினா அதுக்குப் பேர் பசைதான். யோசிச்சுத்தான் எழுதினேன்" என்று இவளும் போட்டாள். ஊரே தொழிலை விட்டுவிட்டு அதைப் படித்தது. பாதிரியார்கூட ஒரு லைக் போட்டுவிட்டு, பயந்து எடுத்துவிட்டார்.

இப்போது சுருக்கு. பதிவை அழித்துவிடலாமா? கைபேசியை எடுத்தாள். பதிவைத் தேடித் திறந்தாள். அதற்குள் மூடுபனிக்குள்ளிருந்து எல்வுட்டின் பச்சைப் படகு வந்துவிட்டது.

"ஏய் ஆர்டித்! இன்ஜினை அணை!"

அணைத்தாள். அவள் பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் மீன்கள் எல்லாம் ஊரைக் காலி செய்திருக்கும். படகுகள் உரசின. எல்வுட் ஒரு ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

"குடி."

"வி... விஷமா?"

"மைதா குறைச்சுக் காய்ச்சின சவுடர். என் பொண்டாட்டி என்னையே 'பசை'ன்னுதான் கூப்பிடறா! குடிச்சிட்டுச் சொல்லு."

குடித்தாள். 'பிரமாதம்' என்றால் கூடுகள் பிழைக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"எல்வுட், இது பசை இல்ல."

"அப்படிப் போடு!"

"கஞ்சி."

பறந்துகொண்டிருந்த கடற்புறா அந்தரத்தில் அப்படியே நின்றது. எல்வுட் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். ஆர்டித் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கயிறு அறுபடும் சத்தம் கேட்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். எல்வுட் கத்தி முனையால் தான் போட்ட சுருக்கைத் தானே நெம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பசையிலேருந்து கஞ்சிக்கு வந்துட்டேன்ல? அதையே எழுது. புகழ்ந்து ஒரு வார்த்தை கூட்டிப் போட்டுடாதே, தாயே. அப்புறம் என் பொண்டாட்டி நம்ப மாட்டா."