தக்கை தண்ணீரில் இருக்கும்போது

எனக்கு வேண்டியிருந்தது மூன்று மணி நேரம். என் வீட்டில், என்னைத் தவிர வேறு யாரும் இல்லாத மூன்று மணி நேரம். அதற்காகத்தான் பதினோரு பேரைத் திரட்டித் தூண்டில் போடும் நாள் ஒன்றை ஏற்பாடு செய்தேன்.

வெளியே சொன்ன காரணம் வேறு. "ஞாயிற்றுக்கிழமை காலையில எல்லாரும் தாங்கலுக்குப் போய் மீன் புடிக்கலாம். தெரியாதவங்களும் வரலாம், கத்துக்கலாம்" என்று அங்கன்வாடித் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் ஊர் செலியமேட்டுக்கு மேற்கே இருக்கிற சின்ன ஏரியைத்தான் தாங்கல் என்போம். அதன் மீன் குத்தகை இன்னாசிமுத்துவிடம் இருக்கிறது. அவர் மனைவி காசம்மாள் என்னோடு அங்கன்வாடியில் உதவியாளர். கேட்டதும் சரி என்றார்கள்.

என் கணவர் நடேசன் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கூடத்தில், காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குடி கிடையாது. திட்ட மாட்டார். சமைத்ததைச் சாப்பிடுவார். ஆனால் நான் எந்த அறைக்குப் போனாலும் அவர் குரல் பின்னால் வரும். "இன்னா பண்ற?" பீரோவைத் திறந்தால், "இன்னா தேடுற?" போன் மணி அடித்தால், "யாரு?" ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மாலை ஐந்தரையிலிருந்து படுக்கும்வரை முப்பத்தொரு முறை. கேட்கக்கூடாத கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.

காலையிலிருந்து மதியம்வரை இருபத்து மூன்று குழந்தைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். அதன் பிறகு பதிவேடு, எடை எடுப்பது, மீட்டிங். வீட்டுக்கு வந்தால் முப்பத்தொன்று. பதில் சொல்லிச் சொல்லியே எனக்குள் ஏதோ தேய்ந்துவிட்டது போலிருந்தது. தூங்கினாலும் அந்தக் களைப்பு போகவில்லை.

கம்பெனி இருந்த காலத்தில் அவர் ஞாயிறுதோறும் அந்தத் தாங்கலுக்குத் தூண்டிலோடு போவார். அதை மறுபடி தொடங்கிவைத்தால் போதும் என்று நினைத்தேன். எல்லோரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தலைவலி என்று சொல்லி நான் மட்டும் திரும்பிவிடுவது. வந்து என்ன செய்வது என்பதையும் முடிவு செய்திருந்தேன். கூடத்துத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

முதலில் அவரும் ஒத்துக்கொண்டார். பரண்மேல் இருந்த மூங்கில் கோலை இறக்கச் சொல்லி, நைலான் நரம்பை இழுத்துப் பார்த்தார். "நாலு ஜிலேபி மீனு மாட்னாலும் போதும். கொழம்பு வச்சிடலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் இருக்கும்போது விருத்தாம்பாளின் குரல் பதிவு வந்தது. எங்கள் தெருக்கோடி வீட்டில் இருப்பவள், கரும்பு பயிர் வைத்திருப்பவள். அவள் பேத்தி என் அங்கன்வாடியில் படிக்கிறது.

"இன்னா டீச்சர், நெஞ்சறிஞ்சிதான் தேதி வச்சியா? ஞாயித்துக்கெழம கிருத்திக. உசுரக் கொல்லவா எங்கள கூப்புடுற?"

அங்கன்வாடி மேசைமேல் இருக்கும் அரசு நாட்காட்டியைப் பார்த்துத்தான் தேதி குறித்தேன். அதில் கிருத்திகை போட்டிருக்காது. வீட்டில் இருக்கும் தினசரிக் காலண்டரில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். தாளைத் தூக்கினால் "இன்னா பாக்குற?" என்று கேட்பார். அந்த ஒரு பதிலை மிச்சம் பிடிக்கத்தான் நான் பார்க்கவில்லை. இப்படி ஒரு காரணத்துக்காகக் கிருத்திகையைத் தவறவிட்டவள் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

தள்ளிவைக்கவும் வழியில்லை. அடுத்த வாரம் இன்னாசிமுத்து பெரிய வலை இறக்குகிறார். அதற்குப் பிறகு தாங்கலில் தூண்டில் போட மீன் இருக்காது. குழுவில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் பிடிக்கட்டும் என்றார்கள். மீன் வேண்டாம், சும்மா கரையில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார்கள். கடைசியில் விருத்தாம்பாளே தீர்ப்புச் சொன்னாள்.

"புடிக்கலாம். கொல்லக்கூடாது. ட்ரம்முல தண்ணி ஊத்தி அதுல வுட்டு வச்சிட்டு, போம்போது திருப்பித் தாங்கல்லயே வுட்ருவோம். முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அதை வீட்டில் சொன்னேன். அவர் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"துன்னாத மீன எதுக்குப் புடிக்கணும்? வெளையாட்டா? போறவங்க போங்க. நான் வரல."

"இன்னாங்க, ஒரு நாளைக்கித்தான."

"வரலன்னா வரல வுடு."

கோல் மறுபடி பரணுக்குப் போனது. அவர் நாற்காலிக்குப் போனார். நான் சமையலறையில் புளியை ஊறவைத்தேன். பதினோரு பேருக்குப் புளிசாதம் கிளற ஒப்புக்கொண்டிருந்தேன். யாருக்காக இந்த நாளை ஏற்பாடு செய்தேனோ அவர் வரவில்லை. எதற்காகச் செய்தேனோ அதுவும் இல்லை. புளிசாதம் மட்டும் மிச்சம்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தாங்கல் கரைக்குப் போனபோது பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. எதிர்க்கரையில் நாரைகள். இன்னாசிமுத்து பத்து கோல்கள் வெட்டி நரம்பு கட்டி வைத்திருந்தார். மயில்தோகைத் தண்டை நறுக்கி, மிதக்கிற தக்கையாக நரம்பில் கட்டியிருந்தார். காசம்மாள் மைதா மாவைப் பிசைந்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்புராஜ் மட்டும் சொந்தத் தூண்டில் கொண்டுவந்திருந்தான். அரியூரில் ஒரு லேபில் வேலை பார்ப்பவன், மகளை அங்கன்வாடியில் விடுகிறவன். ஆன்லைனில் வாங்கியதாம். பெட்டிமேல் பனிமலையும், ஓர் ஆறும், உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மீனும் அச்சடித்திருந்தது.

"இது இன்னா மீனுப்பா, அம்ம போட்டாப்ல கீது?" என்றாள் காசம்மாள்.

"டிரவுட்டு. குளிர் தண்ணியில இருக்கும். செம ஃபைட் குடுக்குமாம்."

"அந்த மீனு வரட்டும்னு நீ இங்க உக்காந்திருந்தின்னா உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும். இந்தா, மாவ வையி."

எல்லோரும் சிரித்தார்கள். அன்புராஜும் சிரித்துவிட்டு ஒரு மூங்கில் கோலை எடுத்துக்கொண்டான்.

இன்னாசிமுத்து எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"என் தாங்கல்ல ஒண்ணுதான். தக்க தண்ணியில இருக்கறவங்ககிட்ட யாரும் பேசக்கூடாது. அவங்களும் பேசக்கூடாது. பேசணும்னா நரம்ப வெளிய எடுத்துட்டுப் பேசு. அது பொண்டாட்டியா இருந்தாலுஞ் சரி, போலீசா இருந்தாலுஞ் சரி."

முதல் ஒரு மணி நேரம் நான் உட்காரவே இல்லை. டீச்சர், தூண்டி முள்ளு செடியில மாட்டிக்கிச்சு. டீச்சர், தண்ணி கேன் எங்க. டீச்சர், ட்ரம்முல மீனு துள்ளுது, மூடி இருக்குதா. விருத்தாம்பாளுக்கு ஒரு கெண்டை மாட்டியதும் போட்ட கூச்சலில் நாரைகள் பறந்தன. "வந்துட்டாம்மா, எங்கப்பன் வந்துட்டான்!" என்றாள். அதை ட்ரம்மில் விடும்போது மீனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிற ஒன்றின் நடுவில் நின்றுகொண்டு எனக்கு மட்டும் ஏன் எங்கேயாவது போய்ப் படுத்துவிட வேண்டும் போலிருக்கிறது என்று யோசித்தேன். வீட்டுக்குப் போகலாம். போனால் நாற்காலி இருக்கும். "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?"

காசம்மாள் ஒரு கோலை என் கையில் திணித்தாள்.

"உக்காருங்க டீச்சர்."

"எனக்குத் தெரியாது காசம்மா."

"தெரியாதவங்களுக்குத்தான இன்னிக்கி. நீங்கதான எழுதிப் போட்டீங்க? உக்காருங்கன்றேன்."

கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, கரையின் கோடியில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். மாவை உருட்டி முள்ளில் வைத்து வீசினேன். வீச்சிலேயே மாவு கழன்று தனியாக விழுந்து கரைந்தது. வெறும் முள் தண்ணீருக்குள் போனது. இழுத்து மறுபடி வைக்க வேண்டும். கை எழவில்லை. சரி, கொஞ்சம் கழித்து வைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

விருத்தாம்பாள் வேகமாக என்னை நோக்கி வந்தாள். "டீச்..." என்று வாயெடுத்தவள் என் தக்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பிறகு இன்னொருத்தி பாக்கு மட்டைத் தட்டைக் காட்டிக்கொண்டே வந்தாள். அவளும் பார்த்தாள், திரும்பினாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த இரண்டு அங்குலத் தண்டு தண்ணீரில் நிற்கும்வரை இந்த உலகத்தில் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது.

வெயில் முதுகில் ஏறியது. தக்கை நின்ற இடத்திலேயே நின்றது. மாவு இல்லாத முள்ளுக்கு எந்த மீன் வரும்? வராது என்பது தெரிந்ததும் கண்கள்கூடத் தளர்ந்தன. எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடமும் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூச்சு அடிவயிறுவரை போய்விட்டு வந்தது. கடைசியாக எப்போது அப்படிப் போனது என்று ஞாபகம் இல்லை.

அப்போதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பாதி நாள் வெறும் கையோடுதான் வருவார். "மூணு மணி நேரம் உக்காந்து ஒரு பொடி மீனுகூடவா மாட்டல?" என்று நான் கேலி செய்வேன். பையைப் பிரித்துப் பார்த்து, எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் யார் வந்தார்கள், அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்பேன். அந்த நாட்களில் கேள்விகள் என்னுடையவை. நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் எண்ணியிருப்பாரோ?

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பின்னால் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். யாரென்று திரும்பாமலே தெரிந்தது.

"போன் பண்ணா எடுக்க..."

"ஷ்ஷ்!" இது இன்னாசிமுத்து. "நடேசா, தக்க தண்ணியில கீது பாரு."

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். லுங்கி, பட்டன் மாற்றிப் போட்ட சட்டை, சீவாத தலை. என் போன் காசம்மாளிடம் இருந்த பையில் கிடந்திருக்கிறது. எத்தனை முறை அடித்தாரோ. பயந்துபோய் வந்திருக்கிறார். ஒன்றரை வருடத்தில் யாரும் கூப்பிடாமல் அவர் வாசல் தாண்டியது இன்றைக்குத்தான். அது எனக்காக என்பதில் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்பே, நான் தடுப்பதற்குள், இன்னொன்று வந்துவிட்டது. வீடு இப்போது காலியாக இருக்கிறது.

அவர் எனக்கு இரண்டு கை தூரத்தில் குந்தினார். கொஞ்ச நேரம் தக்கையைப் பார்த்தார். பழகிய கண். அது நிற்கிற விதத்திலேயே ஏதோ தெரிந்திருக்கும். என் கோலை மெதுவாக வாங்கி, நரம்பைப் பிடித்துத் தூக்கினார். முள் வெறுமையாக, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது.

தக்கை இப்போது தண்ணீரில் இல்லை. அவர் கேட்கலாம். கேட்கப்போகிறார் என்று என் தோள்கள் இறுகின. மாவு டப்பா அவர் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது.

அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நரம்பை அப்படியே, வெறும் முள்ளோடு, அதே இடத்தில் இறக்கிவிட்டார். கோலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் சட்டைப் பையில் வீட்டுச் சாவியின் சிவப்புக் கயிறு தொங்கியது. நான் எழுந்தேன். குனிந்து கயிற்றைப் பிடித்துச் சாவியை உருவிக்கொண்டேன். அவர் உதடு அசைந்தது. கண் தக்கைக்குப் போனது. உதடு மூடிக்கொண்டது.

"போங்க டீச்சர், புளிசாதத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் காசம்மாள், தூரத்திலிருந்து. அவள் என் முகத்தில் என்ன பார்த்தாள் என்று தெரியவில்லை.

பத்து நிமிட நடை. கதவைத் திறந்தேன். விசிறியை ஓடவிட்டுவிட்டே வந்திருந்தார். அதை நிறுத்தினேன். தரையில் படுத்தேன். சிமெண்டுக் குளிர்ச்சி முதுகு முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தூக்கமும் வரவில்லை. படுத்திருந்தேன். அவ்வளவுதான்.

பிறகு எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காலண்டரில் இன்றைய தாளில் சிவப்பில் கிருத்திகை என்று போட்டிருந்தது. தாள்களைத் தூக்கி ஒவ்வொன்றாகப் புரட்டி, அடுத்த கிருத்திகை எப்போது என்று தேடினேன். அவசரப்படாமல் தேடினேன்.

என்ன பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.