ஸோர்ஹாவின் சவப்பெட்டி

சவப்பெட்டி எழும்ப மறுத்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் பெரியப்பா ஃபெஹீன், பாஸ்டனிலிருந்து வந்திருந்த அவருடைய மூத்த மகன் மக்டாரா, மகள் நோரா, கடைசி மகன் பார்ட்லி, பக்கத்து வீட்டுக் கோய்லின், பாதிரியார், பெட்டிக்குள் பெரியம்மா ஸோர்ஹா. அது 1958 பிப்ரவரி, அயர்லாந்தின் கானமாராக் கடற்கரை. நான்கு ஆண்கள் தோள் கொடுத்தும் பெட்டி நாற்காலிகளை விட்டு அசையவில்லை.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் தாயை அவமதித்ததில்லை. பெரியம்மாவும் பெரியப்பாவும் தங்களுக்குள் ஐரிஷ் பேசினார்கள். மாட்டிடமும் கோழியிடமும் நாயிடமும் ஐரிஷ்தான். பிள்ளைகளிடம் மட்டும் தட்டுத்தடுமாறி ஆங்கிலம். கப்பலேறப் போகிறவர்களுக்கு அதுதான் சோறு போடும் என்று மானமுள்ள எல்லா வீடுகளும் அப்படித்தான் செய்தன. எங்கள் வீடும் செய்தது. நாட்டின் முதல் மொழி ஐரிஷ் என்று சட்டத்தில் இருந்தது. பிள்ளைகள் அதில் மதிப்பெண் வாங்கி, பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

“என்னடா அமெரிக்காக்காரா, தோள்ல தெம்பு இல்லையா?” என்றார் கோய்லின். “உங்கம்மாவுக்கு அவ பாஷையில ஒரு ஜெபம் சொல்லுங்கடா. போயிடுவா.”

“நீங்களே சொல்லுங்க மாமா” என்றான் மக்டாரா.

“மூணு தடவ சொல்லியாச்சு. அவ என்னையா பெத்தா? உங்க குரலுக்குத்தான்டா காத்துக் கெடக்கறா.”

பிள்ளைகள் மூவரும் வாய் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. நோரா தகப்பனைப் பார்த்தாள்.

“எங்களுக்கு ஏன்ப்பா சொல்லித் தரல?”

“நீங்க நல்லா இருக்கணும்னுதாம்மா” என்றார் பெரியப்பா.

அப்போது அடுப்பருகே கிடந்த கிழட்டு நாய் எழுந்து வந்து, பெட்டியருகே உட்கார்ந்து, ஜெபமாலையை ஐரிஷில் தொடங்கியது. குரல் கரகரப்பு, உச்சரிப்பு அப்படியே பெரியம்மாவுடையது. பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். பிள்ளைகள் மண்டியிட்டார்கள். ஜெபமாலையின் கடைசி, ஐம்பத்துமூன்றாவது ‘அருள் நிறைந்த மரியே’ முடிந்ததும் பெட்டி ஒரு கூடைக் கடற்பாசியின் கனத்துக்கு வந்தது. மழைக்கு முன்பே அடக்கம் செய்தார்கள்.

நாய் ஜெபமாலை முழுவதையும் சொன்னதாகக் கிளிஃப்டன் சந்தையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வதுதான் வழக்கம்; நாய் ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை மட்டுமே சொன்னது. பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி, அவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்கத் தேவையான நேரம் வரை பேசாமல் இருந்தது.