காட்டான்கள் அணியின் புது முகம்

கல்லூரி விளையாட்டு அணிகளுக்குக் 'காட்டான்கள்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது. வைத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார். பெயர் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. சட்டையில், பேருந்தில், மைதானத்துச் சுவரில், எங்கே திரும்பினாலும் அந்த முகம்தான். சப்பை மூக்கு, காது வரை கிழிந்த வாய், தலையில் இறகு, கையில் ஓர் எலும்பு. எலும்பு எதற்கு என்று கேட்டால் ஒரு கெத்துக்கு என்பார்கள்.

அந்த ஊரில் வரிசையில் முண்டியடிப்பவனைக் காட்டான் என்று திட்டுவது வழக்கம். போகிற போக்கில் விழுகிற திட்டு, கேட்டவன் துடைத்துப் போட்டுவிட்டுப் போவான். ஆனால் அணை கட்டியபோது மலையிலிருந்து இறக்கிவிடப்பட்ட சனங்களுக்கு அது திட்டு இல்லை, பெயர். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த லேபம்மா அந்தச் சனத்தில் ஒருத்தி. லேபம்மா என்பது மாணவர்கள் வைத்த பெயர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பாள், அமில பாட்டில்களை இடம் மாறாமல் அடுக்குவாள், கையைச் சுட்டுக்கொண்டு அலறுகிற பிள்ளையை இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்துவாள். மைதானத்துச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பாமலே நடக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

மகள் பழகவில்லை. மகளும் அதே கல்லூரிதான். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு நெட்டை என்று பெயர். கைப்பந்தில் வலைக்கு மேலே எழும்பி அவள் அடித்தால் எதிரே நிற்கிறவர்கள் பந்தை எடுக்கப் பார்ப்பதில்லை, முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அணிக்குத் தேர்வானதும் உடற்பயிற்சி ஆசிரியர் புதுச் சட்டையை நீட்டினார். நெட்டை அதை மடித்த மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதைத்தான் போடணும்னா நான் ஆடலை சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்தார். "பயிற்சிக்கு உன் சட்டையிலயே வா. ஆனா போட்டிக்கு அணிச் சட்டை இல்லாம உள்ள விடமாட்டாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

இந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளை நடத்தும் குழு ஓர் உத்தரவு போட்டது. ஒரு சமூகத்து மக்களை இழிவுபடுத்தும் பெயரோ சின்னமோ இருந்தால் மாற்ற வேண்டும், அந்த மக்களோடே கலந்து பேச வேண்டும். கல்லூரியில் அந்த மக்கள் என்று தேடினால் ஊழியர்களில் அகப்பட்டது லேபம்மா ஒருத்திதான். பெயரை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் கமிட்டியில் அவளைப் போட்டார்கள்.

நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. "பிரின்சிபாலே கூப்பிட்டுக் கேக்கப் போறாரும்மா! நீ ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். 'எங்களுக்குப் பிடிக்கலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. பேரு போயிடும். நான் ஆடுவேன்."

"சொல்லிடறேன்டி."

"முழுங்கிட மாட்டியே?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

அன்றிலிருந்து குழாய்களைக் கழுவும்போதெல்லாம் அவற்றிடம் சொல்லிப் பார்த்தாள். எங்களுக்கு இந்தப் பேரு பிடிக்கலைங்க. குழாய்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்குத் துணிச்சல்கூட வந்தது.

கூட்டம் முதல்வர் அறையில் நடந்தது. மெத்தென்ற நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். எதிரே முதல்வர், பக்கத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவர், அந்தண்டை உடற்பயிற்சி ஆசிரியர், சின்னத்தை வரைந்து கொடுக்க வந்திருந்த ஓவியர். பழைய மாணவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். படிக்கிற காலத்தில் அந்தச் சட்டையைப் போட்டுத்தான் கோப்பை வாங்கினாராம்.

"இன்னைக்கும் என் பொண்டாட்டி என்னைக் காட்டான்னுதான் கூப்பிடறா. நான் என்ன கோவிச்சுக்கறேனா?" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற சபையில் உம்மென்று உட்கார்ந்திருக்க லேபம்மாவுக்கு வரவில்லை. அவளும் சிரித்தாள். அங்கேயே பாதி தோற்றுப்போனாள்.

முதல்வர் அவள் பக்கம் திரும்பினார். நிஜமான கனிவோடுதான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வாயால கேக்கத்தான் உக்காந்திருக்கோம். இந்தப் பேரு உங்களைப் புண்படுத்துதா?"

அத்தனை கண்களும் அவள் மேல். வார்த்தை தொண்டை வரை வந்தது. ஏதாவது தப்பாகச் சொல்லி இவர்கள் முகம் சுருங்கிவிட்டால், நாளைக்கு இதே வராந்தாவில் இவர்கள் எதிரில்தானே நடக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. வாய் அதன் பழக்கத்துக்குத் திறந்துகொண்டது.

"பரவாயில்லீங்க சார்."

அந்த வார்த்தையை நாம் எப்போது சொல்கிறோம்? கூட்டத்தில் காலை மிதித்தவனிடம் சொல்கிறோம். இரவல் வாங்கிப்போய் உடைத்துக்கொண்டு வந்து நிற்பவனிடம் சொல்கிறோம். வலிக்கவில்லை என்றா அதற்கு அர்த்தம்? வலிக்கிறது, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அர்த்தம். அறையில் இருந்தவர்களும் அதே மொழி பேசுகிறவர்கள்தான், பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான். அன்றைக்கு மட்டும் அர்த்தம் மறந்துபோனது.

"பாத்தீங்களா!" என்று பழைய மாணவர் மேசையைத் தட்டினார். "அவங்களுக்கே இல்லாத வருத்தம் வேற எவனுக்கு?"

"ஆனா அந்தப் படம் ரொம்பக் கோரம்" என்றார் முதல்வர். "பேரு இருக்கட்டும். முகத்தை மாத்திடுவோம். மரியாதையா, லட்சணமா ஒரு முகம்." ஓவியர் லேபம்மாவை உற்றுப் பார்த்தார். செல்போனை எடுத்தார்.

"அம்மா, சும்மா ஒரு மாதிரிக்கு. கொஞ்சம் சிரிங்க."

மாதிரிக்கு என்றால் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போட்டோ என்றால் சிரிக்க வேண்டும், சிரித்தாள்.

வீட்டுக்குப் போனதும் நெட்டை வாசலிலேயே மறித்தாள். "சொன்னியா?"

"பேசிட்டிருக்காங்க. படத்தை எடுத்துடறாங்களாம்."

"பேரு?"

"அதையும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு லேபம்மா அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள். மகள் நம்பிவிட்டாள். அதுதான் லேபம்மாவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

அரங்கத்துச் சுவரில் புதுச் சின்னத்தின் திரையை விலக்கிய அன்று லேபம்மா கடைசி வரிசையில் நின்றாள். எலும்பு இல்லை, கிழிந்த வாய் இல்லை. சுவர் முழுக்க அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்து மச்சத்தைக்கூட அந்த மகராசன் விடவில்லை. தலையில் இறகு மட்டும் பழையபடி இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் காட்டான்கள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, "லேபம்மா! லேபம்மா!" என்று ஆர்ப்பரித்தார்கள். அன்பாகத்தான் கத்தினார்கள். அவளுக்கோ கூசிப்போனது. எங்காவது ஒரு மூலையில் போய்த் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் போலிருந்தது.

இந்தத் தடவை முழுங்கவில்லை. நேரே முதல்வர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"எனக்குப் பிடிக்கலை சார். பேரும் பிடிக்கலை, என் மூஞ்சி அங்க இருக்கறதும் பிடிக்கலை. எடுத்துடுங்க."

முதல்வருக்கு முகம் விழுந்துவிட்டது. கோபம்கூட இல்லை, மனத்தாங்கல். "என்னம்மா இது? உங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை பண்ணியிருக்கோம்! எந்தக் கல்லூரியில ஒரு லேப் உதவியாளர் முகத்தைச் சின்னமா வச்சிருக்காங்க?"

"அது தெரியும் சார். ஆனா..."

"நாலு பேரு முன்னாடி கேட்டேனே. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்குமே. உங்க சம்மதத்தோடதான்னு மேலே எழுதி அனுப்பியாச்சு. இப்ப இல்லைன்னா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆகாதா?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். அதைத்தான் அவளும் ராத்திரி பகல் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதோட உங்க பொண்ணே ஒத்துக்கிட்டாளே" என்றார் முதல்வர், ஆறுதலாக. "சட்டையை வாங்கிட்டா. இன்னைக்குப் போட்டியில ஆடறா. தெரியாதா?"

தெரியாது. லேபம்மா படியிறங்கி அரங்கத்துக்கு ஓடினாள். உடை மாற்றும் அறையில் மற்ற பெண்கள் போய்விட்டிருந்தார்கள். நெட்டை பெஞ்சில் காலை வைத்து ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தபோது நெஞ்சில் லேபம்மா சிரித்தாள்.

"கழட்டுடி அதை."

நெட்டை அடுத்த ஷூவைக் கட்டினாள்.

"உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி. அங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. பரவாயில்லைன்னுட்டு வந்துட்டேன்."

"தெரியும்மா. பி.டி. சார் சொன்னாரு."

"அப்புறம் ஏன்டி இதைப் போட்டே? நீதானே மாட்டேன்னே? இப்பவும் மாட்டேன்னு சொல்லு. எனக்காக வேணாம், உனக்காகச் சொல்லு."

"எப்படிம்மா சொல்றது?" நெட்டையின் குரல் உடைந்தது. "அது எவனோ கிறுக்கின மூஞ்சியா இருந்தப்போ தூக்கிப் போட்டேன். இப்ப உன் மூஞ்சி. டீமே பாத்துட்டிருக்கு. எங்கம்மா மூஞ்சி இருக்கற சட்டையை நான் போடமாட்டேன்னு அவங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

லேபம்மா மகளின் தோளைத் தொடப் போனாள். அதற்குள் வெளியே விசில் அடித்துவிட்டது. நெட்டை முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

லேபம்மா அரங்கத்து வாசல் ஓரமாகவே நின்று பார்த்தாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் பந்து மேலே வந்தபோது நெட்டை எழும்பினாள். எழும்பினதும் தெரியவில்லை, அடித்ததும் தெரியவில்லை, பந்து எதிர்ப்பக்கத் தரையில் மோதி எங்கோ பறந்தது. முதல் புள்ளி. கூட்டம் எழுந்து நின்று "காட்டான்! காட்டான்!" என்று கூரை அதிரக் கத்தியது. அத்தனை கை தட்டலுக்கு நடுவே நெட்டை திரும்பி, வாசலில் அம்மா நிற்கிறாளா என்று தேடினாள்.

தட்டினால் அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் தட்ட வேண்டும். தட்டாவிட்டாலோ, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லேபம்மா கை தட்டினாள்.