பால்சுறா

எனக்குப் பால் சுரக்கவில்லை என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். குழந்தை பிறந்த சேதிக்கு முன்பே அந்தச் சேதி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிச்சாட்டூரில் குழாயடிக்கு வருகிறவளுக்கும், ரேஷன் கடையில் நிற்கிறவளுக்கும் என் மார்பைப் பற்றித்தான் கவலை. "சுஷ்மிதாவுக்கு இன்னும் பாலு எறங்கலியாமே?" என்று என் காதுபடவே கேட்பார்கள். நானும் சும்மா விடுகிறவள் இல்லை, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவேன். ஆனால் வீட்டுக்கு வந்து பவ்யாவை மடியில் போட்டால் அந்த வாயெல்லாம் அடங்கிவிடும். அவள் சப்பிச் சப்பிப் பார்த்து, ஒன்றும் வராமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவாள். நானும் கூடவே அழுவேன்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மாதான் ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"மாத்தரைய எல்லாம் தூக்கிப் போடும்மே. பால்சுறா வாங்கியாரச் சொல்லு உன் ஊட்டுக்காரன. பூண்ட உரிச்சிப் போட்டு, மொளகு தூக்கலா புட்டு செஞ்சி துன்னு. அப்புறம் பாரு, உன் புள்ள குடிச்சது போவ மிச்சம் நிக்கும்."

அது எனக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வாங்கித் தராத புருஷன் புருஷனே இல்லை. என் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர் ஹேமநாத். ஹைவே பக்கம் ஒரு கம்பெனியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். தண்ணி லாரி என்று அவர் சொன்னார், நானும் அதையே ஊருக்குச் சொன்னேன். லோடு எடுத்துக்கொண்டு கடலோரம் வரை போய் வருவார். சட்டையைத் துவைக்கப் போட்டால் உப்புக் காற்று வாசம் வரும். ஆனால் கல்யாணமான நாள் முதல் அந்தக் கரையிலிருந்து ஒரு கை நெத்திலிகூட அவர் வாங்கி வந்ததில்லை.

"வர்ற வழியில கரையிலயே வாங்கிக்கினு வா மாமா. துடிக்கத் துடிக்கக் கெடைக்கும்" என்றேன்.

"அந்தாண்ட மீனு வேணாம். நான் திருப்பதி மார்க்கெட்ல வாங்கியாறேன்."

"கடலு கீற ஊர உட்டுட்டு மலை கீற ஊருக்குப் போயி மீன் வாங்குற ஆளு இந்த ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்!"

அவர் சிரிக்கவில்லை. லீவு நாளில் விடிந்ததும் புத்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து திருப்பதி போய், ஐஸ் போட்ட டப்பாவில் சுறாவைக் கொண்டுவந்தார். நான் சுடுதண்ணீரில் போட்டு, மணல் மாதிரி இருக்கும் தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் போட்டுப் புரட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து சட்டியோடு தின்றேன். அவருக்கு வைத்தால், "எனக்கு எதுக்கு, நீ துன்னு" என்று என் தட்டிலேயே தள்ளிவிடுவார். வாராவாரம் போனார். ஒருமுறை மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்தார், டப்பாவை மட்டும் விடவில்லை.

பால் வந்தது. சும்மா இல்லை, ஜாக்கெட் நனைய வந்தது. பவ்யா மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்கும். அவளுக்குத் தொடையில் மடிப்பு விழுந்தது, கன்னம் உப்பியது. குழாயடியில் நான் வேண்டுமென்றே ஈர ஜாக்கெட்டோடு போய் நின்றேன். இருக்காதா பின்னே?

பவ்யாவுக்குத் தொட்டில் வாங்க மூன்று பேரும் திருப்பதிக்குப் போன அன்று, வந்ததே வந்தோம், சுறாவும் வாங்கிவிடலாம் என்று மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம். மாமா வழக்கமாக வாங்குவது ஜமீலா அக்காவிடம். அவள் பலகையில் பால்சுறா வரிசையாகக் கிடந்தது. விலை குறைக்க வேண்டுமே, நான் ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தேன்.

"இன்னாக்கா, முந்தாநாள் மீனா?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யம்மா, வாய்க்கு வந்தத பேசாத. காலைல சவுக்குத்தோப்புக் குப்பத்துலருந்து நேரா வண்டியில வந்த மீனு இது!"

பின்னால் நின்ற மாமா முன்னால் வந்தார். "நெல்லூருக்கு அந்தாண்ட ஆழத்துல புடிச்சதுன்னு சொன்னியேக்கா?"

"அது வஞ்சரத்துக்குச் சொல்லியிருப்பேன். பால்சுறா ஆழத்துல எங்கப்பா கீது? குட்டி போட கரைக்குத்தானே வரும். சவுக்குத்தோப்புக் கழிமுகத்துல வலை போட்டு அள்ளிக்கினு வர்றாங்க. எப்பவும் நீ துன்றது அந்தக் கழிமுகத்து மீனுதான்."

மாமா பலகையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அங்கேயே, மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரமாகக் குந்தி வாந்தியெடுத்தார். வெயில் என்று ஜமீலா அக்கா சோடா வாங்கி வரச் சொன்னாள். எனக்கு அது வெயில் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தொட்டிலும் வாங்கவில்லை, மீனும் வாங்கவில்லை. பஸ் ரேணிகுண்டா தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பவ்யா என் முந்தானைக்குள் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கழிமுகத்துலதான் நான் லோட தொறந்து உடுறேன்" என்றார்.

"இன்னா லோடு?"

"கம்பெனித் தண்ணி."

"தண்ணிதானே மாமா?"

"கையில பட்டா தோலு உரியும் சுசி. எதையோ கழுவுன தண்ணி. சுத்தம் பண்ணி உட்டா செலவாம். நைனா மேல சத்தியமா எனக்கு அதுல இன்னா கீதுன்னு தெரியாது. ஊத்துன மறுநாள் சின்ன மீனுங்க வெள்ளையா மல்லாந்து மெதக்கும். அதான் அந்தக் கரை மீன ஊட்டுக்குக் கொண்டாராம இருந்தேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பஸ் என்றும் பார்க்காமல் அவர் தோளில் ஓங்கி அடித்தேன்.

"அப்ப உனக்குத் தெரியும்! தெரிஞ்சிதான் திருப்பதிக்கு ஓடுன. ஊர்ல கீறவன் பொண்டாட்டி அத துன்னா பரவால்ல, உன் பொண்டாட்டி மட்டும் துன்னக்கூடாது. அதானேய்யா?"

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைக்கு விஷத்தை ஊட்டினால் தன் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. நான் பவ்யாவை மார்பிலிருந்து பிடுங்கினேன். பாதிக் குடியில் பிடுங்கியதால் புத்தூர் வரும்வரை அலறினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா நல்லவர். தெலுங்கும் தமிழுமாக, பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மீன் இனிமே வேணாம். சுறா எப்படியும் பால் குடுக்குறவங்க அடிக்கடி சாப்பிடக் கூடாத மீன்தான். ஆனா தாய்ப்பால நிறுத்தாதீங்க."

"என் பாலுல அது கலந்திருக்குமா மேடம்?"

"என்ன கலந்ததுன்னே தெரியாம நான் எப்படிம்மா சொல்றது?"

"டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"எதுக்குன்னு டெஸ்ட் பண்றது? முதல்ல அது என்னன்னு கம்பெனி சொல்லணும். பாப்பா இப்ப நல்லா இருக்கா, பயப்படாதீங்க."

இப்ப நல்லா இருக்கா. அந்த 'இப்ப' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

டாக்டரம்மா சொன்னது மண்டைக்கு ஏறியது, மனசுக்கு ஏறவில்லை. பால் பவுடர் கரைத்துப் புட்டியில் கொடுத்தேன். பவ்யா நாக்கால் வெளியே தள்ளினாள். மூக்கைப் பிடித்துக்கூடப் புகட்டிப் பார்த்தேன், பாவி நான். அவளுக்குப் புரையேறியது. என் மார்போ கல்லாகக் கட்டிக்கொண்டு தெறித்தது. எந்தப் பாலுக்காக ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டேனோ, அந்தப் பாலைத் துணி துவைக்கும் கல்லின் மேல் பீய்ச்சி விட்டேன். அவள் பசியில் அழுகிற சத்தம் கேட்டால் அது இன்னும் வேகமாக வந்தது. வயிற்றெரிச்சல், இதை யாரிடம் சொல்லி அழ?

அன்று சோறு வடிக்கையில் மாமா வந்து உப்பு ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா?" என்றேன்.

"அந்தக் கழிமுகத்துத் தண்ணியத்தான் பாத்தி கட்டி உப்பு எடுக்கறாங்க. மூட்டை இங்கதான் வருது."

ஜாடியை அப்படியே தூக்கிக் குப்பையில் கொட்டினேன். பாக்கெட் உப்பு வாங்கலாம் என்று கடைக்குப் போய், அதைக் கையில் எடுத்து, அதுவும் ஏதோ ஒரு கரையில் காய்ந்ததுதானே என்று திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கரையில் எந்த ஹேமநாத் எந்த டேங்கரைத் திறந்துவிடுகிறானோ! உப்பில்லாமல் சமைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எங்கள் வீட்டில் தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன், அன்று உருட்டி உருட்டி விழுங்கினார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. கடைசியில் நானே போய் அந்த பாக்கெட்டை வாங்கி வந்தேன். எத்தனை நாள் முடியும்?

அவர் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். "உட்டுடு மாமா அந்த வேலைய" என்று கத்தினேன். "நான் உட்டா இன்னொருத்தன் தொறந்து உடுவான்" என்றார். "தொறக்கட்டும், அது நீயா இருக்க வேணாம்" என்றேன். சரி என்று தலையாட்டினார். "நீ போவாதன்னா போவல" என்றார்.

பவ்யாவின் அழுகை முனகலாகிப் போனபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உதடு காய்ந்து, கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தாள். தூக்கி மார்பில் போட்டேன். அவள் தேடிப் பிடித்துக்கொண்ட வேகத்தில் எனக்கு உயிர் போயிற்று. மடக் மடக்கென்று குடித்தாள். குடிக்கக் குடிக்க அவளுக்கு முகம் தெளிந்தது, என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மிடறையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நல்லதா கெட்டதா, எவ்வளவு, எப்போது தெரியும், ஒன்றும் தெரியாது. காம்பை விட்டு, என்னைப் பார்த்து, பால் வழிகிற வாயோடு சிரித்தாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் ரமணா. சத்தம் எனக்கே கேட்டது. "ஏமய்யா, ரெண்டு டேங்க் நிறைஞ்சி நிக்குது, வஸ்தாவா ராவா?" வருவியா மாட்டியா என்கிறான்.

மாமா போனைக் காதிலிருந்து இறக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தால் போதும், போகமாட்டார். சத்தியமாகப் போகமாட்டார். ஒரு சம்பளத்தில் ஓடுகிற வீடு. மூலையில் பவுடர் டப்பா. மடியில் இவள், வயிறு நிறைந்து, கண் சொக்கி.

நான் குனிந்து பவ்யாவின் வாயைத் துடைத்தேன்.

"ஒரு வாய் துன்னுட்டுப் போ மாமா" என்றேன்.